புவனகிரியிலும் ஓட வேண்டும்

உபுண்டு 22.04 உள்ள கணினியில் சி மொழியில் நாலு வரி எழுதி, கம்பைல் செய்து, திரையில் ‘வணக்கம்’ வருவதைப் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு அந்த ஓடும் கோப்பை மட்டும் பென் டிரைவில் எடுத்துப்போய், உபுண்டு 20.04 உள்ள இன்னொரு கணினியில் ஓட்டிப் பாருங்கள். ஓடாது. ‘ஜிலிப்சி 2.34 பதிப்பு கிடைக்கவில்லை’ என்று ஒரே வரியில் மறுத்துவிடும். ஒரு சொல்லை அச்சிட 20.04-க்குத் தெரியாத புது வித்தை எதுவும் வேண்டியதில்லை. இரண்டுக்கும் நடுவே இரண்டே வருட வித்தியாசம். ஆனாலும் ஓடாது.

இந்த வரியைப் பார்த்ததும் பலரும் ‘மெஷின் பழசாயிடுச்சு’ என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்தத் தீர்ப்பு தவறானது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. கணினியின் வேகத்துக்கும் நினைவகத்துக்கும் இதில் பங்கே இல்லை. நிரலைக் கட்டி முடிக்கும் கடைசி நொடியில் லிங்கர் என்னும் இணைப்பி ஒரு முடிவு எடுக்கிறது. எந்தக் கணினியில் ஓடும், எதில் ஓடாது என்பது அங்கேயே தீர்ந்துவிடுகிறது. யூனிக்ஸில் அந்த இணைப்பிக்கு இரண்டெழுத்துப் பெயர்: எல்டி.

சிதம்பரத்தை அடுத்து வெள்ளாற்றங்கரையில் இருக்கும் புவனகிரியைப் போன்ற ஊர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. தமிழக அரசு 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம்தான் இங்கே பல வீடுகளுக்கு முதல் கணினியைக் கொண்டுவந்தது. அவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் போட்டுத் தந்தார்கள். பாஸ் என்பது பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ் என்பதன் சுருக்கம். சென்னை சி-டாக் நிறுவனம் டெபியன் லினக்ஸை அடித்தளமாக வைத்து உருவாக்கி 2007-ல் வெளியிட்டது. அண்ணன் வாங்கிய மடிக்கணினி தம்பிக்கு வரும், பிறகு அத்தை மகளுக்குப் போகும். கல்லூரி ஆய்வகத்தில் இருப்பது ஒரு பதிப்பு, வீட்டில் இருப்பது வேறொரு பதிப்பு. அங்கே கட்டியது இங்கே ஓடாவிட்டால் பழி விழுவது வீட்டுக் கணினியின் தலையில்தான்.

உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

சி கம்பைலர் ஒரு நிரல் கோப்பைப் படித்து முடித்ததும் தருவது ஓடக்கூடிய கோப்பு இல்லை. அது ஆப்ஜெக்ட் கோப்பு எனப்படும் அரைகுறைப் பண்டம். ‘வணக்கம்’ நிரலின் ஆப்ஜெக்ட் கோப்பை ‘என்எம்’ என்ற கட்டளையிடம் கொடுத்தால் இரண்டு முக்கியமான வரிகள் வரும். ஒன்றில் ‘மெயின்’ என்ற பெயரும் அதன் முன்னே ‘டி’ என்ற எழுத்தும் இருக்கும். இந்தச் செயற்கூறு இங்கேயே இருக்கிறது என்று பொருள். இன்னொன்றில் ‘புட்ஸ்’ என்ற பெயரும் அதன் முன்னே ‘யு’ என்ற எழுத்தும் இருக்கும். இந்தப் பெயர் வேண்டும், ஆனால் இங்கே இல்லை என்று பொருள். நாம் எழுதியது ‘பிரிண்ட்எஃப்’ ஆயிற்றே என்று கேட்கலாம். எண்களை நிரப்பும் வேலை எதுவும் இல்லாமல் ஒரு வரியை மட்டும் அச்சிடச் சொன்னால், அதைவிட எளிய ‘புட்ஸ்’ போதும் என்று ஜிசிசி கம்பைலர் தானாகவே மாற்றிவிடுகிறது.

அதே ஆப்ஜெக்ட் கோப்பின் இயந்திரக் கட்டளைகளைத் திறந்து பார்த்தால் இன்னொரு சங்கதி தெரியும். ‘புட்ஸ்’ செயற்கூறை அழைக்கும் இடத்தில் 232 என்ற மதிப்புள்ள ஒரு பைட் இருக்கும். இன்டெல் வகைச் செயலிகளுக்கு ‘இங்கிருந்து இத்தனை தூரம் தள்ளி இருப்பதை அழை’ என்று அதற்கு அர்த்தம். எத்தனை தூரம் என்று சொல்ல வேண்டிய அடுத்த நான்கு பைட்டுகளும் பூஜ்யமாக இருக்கும். கம்பைலருக்கு அந்தத் தூரம் தெரியாது. அதனால் இடத்தைக் காலியாக விட்டு, ‘இங்கே புட்ஸின் தூரத்தை நிரப்பவும்’ என்று தனிப் பட்டியலில் குறித்து வைத்துவிடுகிறது.

கிராம நிர்வாக அலுவலகத்தில் புல வரைபடம் பார்த்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். ஒவ்வொரு புல எண்ணுக்கும் தனிப்படம் உண்டு. அந்தப் படத்தின் அளவுகளெல்லாம் அந்தப் புலத்துக்குள்ளேயே தொடங்கி அங்கேயே முடியும். எல்லாப் படங்களையும் சேர்த்துக் கிராம வரைபடம் வரையும்போதுதான் எது எதற்கு வடக்கே, எவ்வளவு தள்ளி என்பது நிலைபெறும். ஆப்ஜெக்ட் கோப்பு புல வரைபடம், ஓடும் கோப்பு கிராம வரைபடம், எல்டிதான் சேர்த்து வரையும் சர்வேயர். அது முதல் சுற்றில் எல்லாக் கோப்புகளின் அளவுகளையும் பெயர்களையும் திரட்டி, ஒவ்வொன்றுக்கும் இடம் ஒதுக்குகிறது. இரண்டாவது சுற்றில் அந்தக் காலிப் பைட்டுகளை நிரப்புகிறது.

கம்பைலர்களுக்கு முன்பே இந்தத் தேவை வந்துவிட்டது. 1949 மே மாதம் கேம்பிரிட்ஜில் எட்சாக் கணினி ஓடத் தொடங்கியது. அடிக்கடி வேண்டிய கணக்குகளைத் துளையிட்ட காகித நாடாக்களில் எழுதி வைத்து, தேவைப்பட்டபோது புது நிரலோடு சேர்த்துக்கொண்டார்கள். ஒவ்வொரு முறையும் நாடா நினைவகத்தின் வெவ்வேறு இடத்தில் போய் உட்காரும். அதற்கேற்ப முகவரிகளைத் திருத்தும் வேலையை டேவிட் வீலர் தன் தொடக்கக் கட்டளைகளுக்குள்ளேயே வைத்தார். நிரல் நூலகம் என்ற ஏற்பாடே அந்தத் திருத்தத்தின் மேல்தான் நிற்கிறது.

யூனிக்ஸின் முதல் கையேடு 1971 நவம்பரில் வந்தது. அதிலேயே எல்டி இருக்கிறது, இணைப்புத் தொகுப்பி என்ற அறிமுகத்தோடு. அப்போது யூனிக்ஸ் ஓடிய பிடிபி-11 கணினியின் நினைவகம் 24 கிலோபைட். யூனிக்ஸை உருவாக்கிய கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் அந்த இடத்துக்குள் செய்துகொண்ட ஏற்பாடுகளில் சில இன்றும் நம் கையில் புழங்குகின்றன. கம்பைல் செய்யும்போது பெயர் கொடுக்க மறந்தால் ‘ஏ.அவுட்’ என்ற கோப்பு வருகிறதே, அந்தப் பெயர் அந்தக் காலத்தது. ‘ஏ.அவுட்’ என்ற பழைய கோப்பு வடிவம் போய், சிஸ்டம் ஃபைவ் யூனிக்ஸின் நான்காம் வெளியீட்டோடு வந்த ‘எல்ஃப்’ வடிவம் எங்கும் பரவிவிட்டது. லினக்ஸ் கருவகம் (கெர்னல்) பழைய வடிவத்துக்கான கடைசி ஆதரவை 2022 வாக்கில் கழற்றியது. பெயர் மட்டும் போகவில்லை.

சி மொழியின் முகத்திலேயே பழைய இணைப்பிகளின் தழும்பு இருக்கிறது. 1989-ல் வந்த முதல் சி தரநிலை, கோப்புகளுக்கு இடையே பகிரும் பெயர்களில் முதல் ஆறு எழுத்துகளை மட்டுமே இணைப்பி வேறுபடுத்திப் பார்க்கும் என்று நம்பச் சொன்னது. பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசத்துக்குக்கூட உத்தரவாதம் இல்லை. உலகத்தில் அப்போது இருந்த இணைப்பிகளில் மிகப் பலவீனமானது எதுவோ அதையும் விட்டுவிடாமல் சேர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. 1999-ல்தான் அந்த வரம்பு 31 எழுத்தாக உயர்ந்தது. நிரல் எங்கும் ஓட வேண்டும் என்று நினைப்பவர் எவ்வளவு பொறுமையோடு கடைசி ஆளுக்காகக் காத்திருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

நூலகத்துக்கு வருவோம். தமிழகப் பாடத்திட்டத்தில் பதினோராம் வகுப்பு மாணவர்கள் சி++ படிக்கிறார்கள். கல்லூரிக்குப் போனதும் சி எழுதும்போது எல்லாரும் ஒருமுறையாவது மாட்டிக்கொள்ளும் இடம் வர்க்கமூலம். 16 என்ற எண்ணை நேரடியாக எழுதி அதன் வர்க்கமூலத்தைக் கேட்டால் நிரல் சமர்த்தாக ஓடும். அதே எண்ணைப் பயனரிடமிருந்து வாங்கி ஒரு மாறியில் வைத்துக் கேட்டால், ‘இந்தப் பெயருக்கு விளக்கம் இல்லை’ என்று லிங்கர் கோபிக்கும். மாணவர் நிரலைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்ப்பார். பிழை நிரலில் இருந்தால்தானே? எண் நேரடியாக இருந்தபோது கம்பைலர் விடையைத் தானே கணக்கிட்டு 4 என்று எழுதிவிட்டது. நூலகம் தேவைப்படவே இல்லை. மாறி வந்ததும் கணித நூலகம் வேண்டும். யூனிக்ஸ் மரபில் அது தனி நூலகம் என்பதால் கட்டளையில் ‘-எல்எம்’ சேர்க்க வேண்டும்.

அதையும் எங்கே சேர்க்கிறோம் என்பதில் ஒரு நுட்பம் இருக்கிறது. எல்டி கட்டளை வரியை இடமிருந்து வலமாகப் படித்துக்கொண்டே போகும். நூலகம் ஒன்று எதிர்ப்படும்போது, அந்த நேரம் வரை ‘வேண்டும்’ பட்டியலில் சேர்ந்திருக்கும் பெயர்களை மட்டும் அதில் தேடி எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடும். நூலகத்தை முதலில் சொல்லிவிட்டு நம் கோப்பைப் பின்னால் சொன்னால், நூலகத்தைப் பார்த்த நேரத்தில் பட்டியல் காலி. ஆகவே எதையும் எடுக்காது. திரும்பி வந்தும் பார்க்காது. சின்ன நினைவகத்தில் எல்லாவற்றையும் ஒரே ஓட்டத்தில் முடிக்க வேண்டியிருந்த காலத்தின் ஒழுங்கு இது. ஓடும் நேரத்தில் பல நிரல்கள் பொதுவாகப் பயன்படுத்தும் பகிர்வு நூலகங்களுக்கு இந்த வரிசை அவ்வளவாக முக்கியம் இல்லாமல் ரொம்ப நாள் ஓடியது. உபுண்டு 11.10-லிருந்து ‘தேவைப்பட்டால் மட்டும் சேர்’ என்ற விருப்பத்தை முன்னிருப்பாக்கினார்கள். அதுவரை ஓடிக்கொண்டிருந்த எத்தனையோ கட்டளைகள் அன்றைக்கு உடைந்தன. டெபியனில் கட்டப்படும் நிரல் உபுண்டுவில் கட்டப்படாமல் போனது. நம் கோப்புகள் முதலில், நூலகங்கள் கடைசியில் என்று எப்போதும் எழுதிப் பழகியவர்களுக்கு எங்கும் எதுவும் உடையவில்லை.

இனி, முதலில் சொன்ன மறுப்பு வரிக்கு வருகிறேன்.

இன்றைய லினக்ஸில் இணைப்பு இரண்டு தவணைகளில் நடக்கிறது. எல்டி முதல் தவணையை மட்டும் முடிக்கிறது. ‘புட்ஸ்’ செயற்கூறின் உடலை அது நம் கோப்புக்குள் கொண்டுவருவதில்லை. ‘ஓடும்போது லிப்சி என்னும் சி நூலகத்திலிருந்து எடுத்துக்கொள்ளவும்’ என்று சீட்டு எழுதி வைக்கிறது. நிரலை ஓட்டும் ஒவ்வொரு முறையும் இன்னொரு இணைப்பி வந்து அந்தச் சீட்டுகளைப் படித்து, அந்தக் கணினியில் இருக்கும் நூலகத்தைத் திறந்து, இரண்டாவது தவணையை முடிக்கிறது. அந்த இரண்டாவது இணைப்பி எந்தக் கோப்பில் இருக்கிறது என்ற முழுப்பாதையும் நம் ஓடும் கோப்பிலேயே எழுதப்பட்டிருக்கும்.

பழைய கணினிக்காரர்களைக் குழப்பும் ஒரு பிழைச்செய்தி இங்கிருந்துதான் பிறக்கிறது. 32 பிட் நூலகங்கள் போடாத 64 பிட் லினக்ஸில் 32 பிட் நிரலை ஓட்டினால், ‘அப்படி ஒரு கோப்பு இல்லை’ என்று வரும். கோப்பு கண்ணெதிரே இருக்கும். பட்டியலிட்டால் தெரியும், அளவு தெரியும். ஆனாலும் இல்லை என்கிறது. இல்லாதது நம் நிரல் இல்லை, நம் நிரல் பெயர் சொல்லித் தேடும் அந்த 32 பிட் இரண்டாவது இணைப்பி. செய்தியை எழுதியவர்கள் எந்தக் கோப்பு என்று இன்னும் ஒரு சொல் சேர்த்திருந்தால் எத்தனையோ பேரின் ஒரு சாயங்காலம் மிச்சமாகியிருக்கும்.

நூலகத்தை நம்பிச் சீட்டு எழுதும்போது ஒரு கேள்வி வரும். நாளைக்கு நூலகத்துக்குள் இருக்கும் செயற்கூறு மாறினால் என்ன ஆகும்? லினக்ஸில் பெரும்பாலும் புழங்கும் சி நூலகம் குனு திட்டத்தின் ஜிலிப்சி. அதன் 2.0 பதிப்பு 1997-ல் வந்தது. அன்றிலிருந்து இன்றுவரை அந்த நூலகக் கோப்பின் பெயர் ‘லிப்சி.எஸ்ஓ.6’ என்பதில் மாறவே இல்லை. பழைய நிரல்கள் தொடர்ந்து ஓட வேண்டும் என்பதற்காக அந்த 6-ஐ 7 ஆக்காமல் காத்துவருகிறார்கள். அதற்குப் பதிலாக ஒவ்வொரு செயற்கூறின் பெயருக்கும் பின்னால் ஒரு பதிப்பு எண்ணை ஒட்டுகிறார்கள். ஒரே பெயரில் பழைய உடலும் புதிய உடலும் ஒரே நூலகத்தில் சேர்ந்து வாழும். சன் நிறுவனத்தின் சோலாரிஸிலிருந்து வந்த யோசனை இது.

இதன் அருமை 2010-ல் தெரிந்தது. நினைவகத்தின் ஒரு பகுதியை இன்னொரு பகுதிக்குப் பிரதி எடுக்க ‘மெம்காப்பி’ என்று ஒரு செயற்கூறு உண்டு. எடுக்கும் இடமும் வைக்கும் இடமும் ஒன்றன்மேல் ஒன்று படியக் கூடாது என்பது அதன் விதி. படிந்தால் ‘மெம்மூவ்’ என்ற வேறொன்றைப் பயன்படுத்த வேண்டும். புதிய இன்டெல் செயலிகளில் வேகமாக ஓடட்டும் என்று ஜிலிப்சியில் மெம்காப்பியைத் திருத்தினார்கள். சில நேரம் அது பின்பக்கமிருந்து பிரதி எடுத்தது. விதிப்படி அதில் தவறில்லை. ஆனால் அப்போது இணைய வீடியோக்களை ஓட்டிய அடோபி ஃப்ளாஷின் 64 பிட் பதிப்பு விதியை மீறி, படியும் இடங்களுக்கும் மெம்காப்பியையே பயன்படுத்தியிருந்தது. முன்பக்கமிருந்து பிரதி எடுத்தவரை யாருக்கும் தெரியவில்லை. ஃபெடோரா லினக்ஸின் 14-ஆம் பதிப்பு வந்ததும் இணைய வீடியோக்களின் ஒலி கரகரவென்று சிதைந்தது. யார் பக்கம் நியாயம் என்று பெரிய விவாதம் நடந்தது. பயனருக்கு ஒலி கெட்டதுதான் முக்கியம், விதிப் புத்தகம் முக்கியம் இல்லை என்று லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் வாதாடினார். அவர் பக்கம்தான் நானும்.

2011-ல் வந்த ஜிலிப்சி 2.14 இதை அழகாகத் தீர்த்தது. மெம்காப்பிக்கு 2.14 என்ற புதுப் பதிப்பு ஒட்டினார்கள். முன்பே இணைக்கப்பட்டிருந்த நிரல்கள் 2.2.5 என்ற பழைய எண்ணைத் தேடி வரும். அவற்றுக்குப் படிந்தாலும் பிழைக்காத மெம்மூவ் உடலைக் கொடுத்துவிட்டார்கள். புதிதாக இணைக்கப்படும் நிரல்களுக்கு வேகமான உடல். ஃப்ளாஷ் பிழைத்தது. ஆனால் அதற்கு ஒரு விலை இருந்தது. 2.14 அல்லது அதற்குப் பிந்தைய நூலகத்தோடு இணைக்கப்பட்ட நிரல், மெம்காப்பியை ஒரே ஒரு இடத்தில் அழைத்தாலும், 2.13 உள்ள டெபியன் 7-ல் ஓடாது. அதே செயற்கூறு, அதே வேலை. சீட்டில் எழுதிய எண்தான் வேறு.

‘வணக்கம்’ நிரலுக்கு நடந்ததும் இதுவே. 2021 ஆகஸ்டில் வந்த ஜிலிப்சி 2.34-ல், மெயினுக்கு முன்பே ஓடி நிரலைத் தொடங்கிவைக்கும் செயற்கூறின் ஏற்பாட்டை மாற்றினார்கள். அதுவரை நம் கோப்பிலேயே ஒட்டிக்கொண்டு வந்த சில தொடக்க வேலைகள் நூலகத்துக்குள் போயின. அதனால் அந்தச் செயற்கூறுக்கு 2.34 என்ற புதுப் பதிப்பு. ‘புட்ஸ்’ இன்னும் 2.2.5-தான், அதைப் பழைய கணினி மகிழ்ச்சியோடு தரும். ஆனால் தொடக்கச் செயற்கூறு இல்லாமல் எந்த நிரலும் தொடங்காது. உபுண்டு 22.04-ல் இருப்பது 2.35, 20.04-ல் இருப்பது 2.31. எல்டி எப்போதும் தான் ஓடும் கணினியின் நூலகத்தைத் திறந்து, அதிலுள்ள ஆகப் புதிய பதிப்பு எண்ணையே சீட்டில் எழுதும். அதனிடம் யாரும் ‘பழைய ஊர்க்காரர்களும் இருக்கிறார்கள்’ என்று சொல்லவில்லை.

லினக்ஸைத் தாண்டிப் பிற யூனிக்ஸ்களுக்குப் போனால் எல்டியோடு பேசும் மொழியே மாறிவிடும். பகிர்வு நூலகம் ஒன்றைக் கட்ட, குனு எல்டியிடம் ‘-ஷேர்ட்’ என்று சொல்ல வேண்டும். சோலாரிஸில் ‘-ஜி’. எச்பி-யூஎக்ஸில் ‘-பி’. மேக்கில் ‘-டைலிப்’. நூலகத்துக்கு உள்பெயர் கொடுக்க ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு எழுத்து. கோப்பின் வாலும் வேறு: பெரும்பாலும் ‘.எஸ்ஓ’, பழைய எச்பி-யூஎக்ஸில் ‘.எஸ்எல்’, மேக்கில் ‘.டைலிப்’. ஐபிஎம்மின் ஏஐஎக்ஸில் பகிர்வு நூலகம் ‘.ஏ’ என்ற பெட்டகத்துக்குள் ஒளிந்திருக்கும். யூனிக்ஸ்களை ஒரு குடைக்குள் கொண்டுவர வந்த பாசிக்ஸ் தரநிலை, ஆப்ஜெக்ட் கோப்புகளைப் பெட்டகமாக்கும் ‘ஏஆர்’ கட்டளையைச் சேர்த்தது, ‘என்எம்’ கட்டளையைச் சேர்த்தது. எல்டியைச் சேர்க்கவில்லை. கம்பைலர் கட்டளையை மட்டும் வரையறுத்து, இணைப்பதும் அதன் பொறுப்பு என்று விட்டுவிட்டது.

ஆகவே எங்கும் கட்டக்கூடிய நிரல் வேண்டும் என்றால், எல்டியை நேரடியாக அழைக்காமல் கம்பைலர் வழியாக அழைப்பதே முறை. கம்பைலருக்கு அந்த ஊர் எல்டியின் வழக்கம் தெரியும். மெயினுக்கு முன் ஓட வேண்டிய தொடக்கக் கோப்புகள் எவை, இரண்டாவது இணைப்பியின் பாதை எது என்பதையெல்லாம் அதுவே எடுத்துக் கொடுக்கும். ‘-வி’ சேர்த்துக் கட்டினால், ஒரு சின்ன நிரலுக்கே அது எவ்வளவு நீளமான இணைப்புக் கட்டளையைத் தயாரிக்கிறது என்பது திரையில் தெரியும். மாணவர்கள் அதை ஒருமுறை நிதானமாகப் படிக்க வேண்டும். பகிர்வு நூலகங்களைக் கட்டுபவர்களின் சிரமத்தைக் குறைக்கவே 1990-களின் பிற்பகுதியில் குனு லிப்டூல் வந்தது. எந்த யூனிக்ஸ் என்று பார்த்து அதற்கேற்ற எழுத்துகளை அதுவே போட்டுக்கொள்ளும்.

செயலியே வேறாக இருந்தாலும் இந்த ஏற்பாடு தாங்கும். சென்னை ஐஐடியில் பேராசிரியர் காமகோடி தலைமையில் உருவான சக்தி செயலி ரிஸ்க்-ஃபைவ் கட்டளைத் தொகுதியைப் பின்பற்றுகிறது. 2018-ல் அதன் முதல் சிப்புகளில் லினக்ஸ் ஓடியது. சக்திக்கான நிரலைக் கட்ட சக்தி கணினி கையில் இருக்க வேண்டியதில்லை. ரிஸ்க்-ஃபைவுக்கான கம்பைலரையும் எல்டியையும் சாதாரண இன்டெல் மடிக்கணினியில் நிறுவி இங்கேயே இணைக்கலாம். வருவதும் எல்ஃப் கோப்புதான். எந்தச் செயலிக்கு என்பதை எல்ஃப் கோப்பின் 19-ஆவது பைட்டிலிருந்து தெரிந்துகொள்ளலாம். 62 என்றால் இன்டெல், ஏஎம்டியின் 64 பிட். 183 என்றால் கைப்பேசிகளில் இருக்கும் 64 பிட் ஆர்ம். 243 என்றால் ரிஸ்க்-ஃபைவ். செயலி மாறும்போது இவ்வளவு தெளிவாகப் பேசும் கோப்பு, நூலகத்தின் வயது மாறும்போது மட்டும் இப்படித் தடுக்கி விழுவது வருத்தமாகத்தான் இருக்கிறது.

விழாமல் கட்ட வழி இருக்கிறது. முதல் வழி, நூலகத்தையும் கோப்புக்குள்ளேயே வைத்துக் கட்டுவது. ‘-ஸ்டாட்டிக்’ என்று சொன்னால் எல்டி சீட்டு எழுதாது, உடலையே கொண்டுவந்துவிடும். லினக்ஸ் கருவகம் பழைய நிரல்களை உடைப்பதில்லை என்பதில் பிடிவாதமாக இருப்பதால், இப்படிக் கட்டிய கோப்பு பல வருடம் ஓடும். ஆனால் ஜிலிப்சியோடு இதை முழுமையாகச் செய்ய முடியாது. இணையப் பெயரை முகவரியாக மாற்றும் வேலை வந்தால், ஓடும் நேரத்தில் பகிர்வு நூலகங்களை அது மறுபடியும் தேடும். 2011-ல் வந்த மசல் என்ற சிறிய சி நூலகத்தை இதற்கென்றே பலர் பயன்படுத்துகிறார்கள். கட்டளை வரிக் கருவிகளுக்கு மசல் அருமையானது. திரையில் சன்னல் திறக்கும் பெரிய நிரல்களை இப்படி முழுக்க உள்ளே வைத்துக் கட்டுவது கடினம். மேக்கில் இந்த வழியே கிடையாது. அங்கே சி நூலகத்தைப் பகிர்வாகத்தான் பயன்படுத்தியாக வேண்டும்.

சி++ எழுதுபவர்களுக்கு இன்னொரு பூட்டும் உண்டு. அதன் நூலகத்துக்கும் தனியாகப் பதிப்பு எண்கள் இருக்கின்றன. அதை மட்டும் உள்ளே வைத்துக் கட்டும் விருப்பம் ஜிசிசியில் இருக்கிறது. கோப்பு கொஞ்சம் பெரிதாகும், பாதித் தொல்லை தீரும்.

இரண்டாவது வழிதான் எனக்குப் பிடித்தது: இருப்பதிலேயே பழைய கணினியில் கட்டுங்கள். ஜிலிப்சி முன்னோக்கிப் போகும்போது பழைய சீட்டுகளை மதிக்கும். எனவே பழையதில் கட்டியது புதியதில் ஓடும், புதியதில் கட்டியது பழையதில் ஓடாது. பைத்தான் உலகம் இதை 2016-லேயே முறைப்படுத்திவிட்டது. லினக்ஸுக்கான பைத்தான் பொதிகளை 2007-ஆம் வருட சென்ட்ஓஎஸ் 5-ல், அதாவது ஜிலிப்சி 2.5-ல் கட்ட வேண்டும் என்று விதி செய்தார்கள். பின்னர் சென்ட்ஓஎஸ் 7-க்கும் ஜிலிப்சி 2.17-க்கும் உயர்த்தினார்கள். உலகம் முழுக்க ஓடும் அறிவியல் கணக்கீட்டுப் பொதிகள் இந்த ஒழுங்கில்தான் பல வருடம் கட்டப்பட்டன.

அப்படியென்றால் புவனகிரியில் பரணில் கிடக்கும் விலையில்லா மடிக்கணினிக்கு என்ன மதிப்பு? அதில் 2011-ஐ ஒட்டிய டெபியன் அடித்தளம் இருந்தால், அந்தக் காலத்து டெபியன் 6-ன் ஜிலிப்சி 2.11. அங்கே கட்டிய சி நிரலின் சீட்டுகளில் 2.11-ஐத் தாண்டி எந்த எண்ணும் வர முடியாது. அதே 32 அல்லது 64 பிட் வகை ஜிலிப்சி நூலகங்கள் உள்ள எந்தப் புதிய லினக்ஸிலும் அது ஓடும். எங்கும் ஓடும் கோப்பைக் கட்ட அதைவிடத் தோதான மெஷின் ஊரில் கிடைக்காது. பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோன அமைப்பு என்பதால் இணையத்தில் இணைக்காமல், பென் டிரைவ் வழியாக மூலநிரலைக் கொண்டுபோய்க் கட்டி எடுத்து வர வேண்டும், அவ்வளவுதான். புதிய சி++ இலக்கணத்தை அதிலுள்ள பழைய கம்பைலர் ஏற்காது என்பதும் உண்மை. அப்படிப்பட்ட நிரல்களுக்குப் புதிய கணினிக்குள்ளேயே ஒரு அடைவில் பழைய டெபியனை நிறுவி, அதற்குள் புதிய கம்பைலரைப் போட்டு அங்கே இணைக்கலாம். கொஞ்சம் கூடுதல் வேலை.

எந்த வழியில் கட்டினாலும், கோப்பை யாருக்காவது கொடுப்பதற்கு முன் அதை ‘ஆப்ஜ்டம்ப்’ கட்டளையிடம் பெரிய ‘-டி’ விருப்பத்தோடு கொடுத்துப் பாருங்கள். நிரல் வெளியிலிருந்து எதிர்பார்க்கும் ஒவ்வொரு பெயரும், அதன் பக்கத்தில் ஜிலிப்சி பதிப்பும் வரிசையாக வரும். அந்த எண்களில் ஆகப் பெரியது எதுவோ, அதுதான் உங்கள் நிரல் கேட்கும் குறைந்தபட்ச வயது. 64 பிட் இன்டெல்லில் எல்லா வரியிலும் 2.2.5 என்றே இருந்தால் கவலை இல்லை. 2.34 என்று ஒரு வரி இருந்தாலும், எந்தச் செயற்கூறு அதைக் கேட்கிறது என்று பார்த்துவிட்டு, இன்னும் பழைய இடத்தில் மறுபடியும் இணையுங்கள்.